குற்றவாளி கிடைத்த பிறகு

மாலைத் திருப்பலி முடிந்து பங்கு இல்லத்துத் திண்ணையில் ஒரு நூலை வாசித்துக்கொண்டிருந்தேன். அன்பியக் கூட்டத்துக்கு என்னை அழைத்துச் செல்ல வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அதன் அட்டையைப் பார்த்தார். எழுதும் மேசை ஒன்றும், அதன்மேல் கவிழ்ந்து கிடக்கும் மனிதர் ஒருவரும் அட்டையில் வரையப்பட்டிருந்தனர். "சாமி, கொலைக் கதையா வாசிக்கிறீங்க?" என்றார். அவர் குரலில் கண்டிப்பு இல்லை, வியப்புத்தான் இருந்தது. "சும்மா பொழுதுபோக்குக்குத்தான்" என்று சிரித்துச் சமாளித்தேன்.

ஆனால் அன்றிரவு நான் சொன்ன அந்தச் சொல்லே என்னை உறுத்தியது. மனிதர் ஒருவர் கொல்லப்படுவது நமக்கு எவ்வாறு பொழுதுபோக்காகிறது? ஐந்தாம் கட்டளையைப் பீடத்தருகே நின்று விளக்குகிறவன், அதே கட்டளை மீறப்படுவதைச் சாய்வு நாற்காலியில் அமர்ந்து சுவைக்கலாமா? நம் இல்லங்களில் பலரும் இத்தகைய கதைகளை வாசிக்கிறோம், தொலைக்காட்சியில் பார்க்கிறோம். ஆகவே இவ்வினா எனக்கு மட்டும் உரியதன்று.

இரத்தத்தையும் வெறியையும் காட்டிக் காசாக்கும் கதைகளை இங்கு நான் கருதவில்லை. அவற்றைப் பற்றி முடிவு செய்வது எளிது. என் கையில் இருந்தது வேறு வகை. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் இங்கிலாந்தில் செழித்த வகை அது. அமைதியான ஒரு சிற்றூர். நடுவில் ஒரு கோயில், அருகே குருவின் இல்லம். பூந்தோட்டங்கள், மாலைத் தேநீர், வேலிக்கு மேலே நடக்கும் ஊர்ப்பேச்சு. அங்கே ஒருநாள் கொலை விழுகிறது. காவல்துறையினர் திகைக்க, ஊரார் ஒருவரே உண்மையைக் கண்டுபிடிக்கிறார். குற்றவாளி அகற்றப்படுகிறார். ஊர் மீண்டும் தேநீர் அருந்துகிறது. கொலையைச் சொல்லும் கதையாயினும், வாசித்து முடித்தவர் நிம்மதியாக உறங்கலாம்.

இவ்வகையின் தலைசிறந்த எழுத்தாளர் அகதா கிறிஸ்டி (1890–1976). நம் திருச்சபை வரலாற்றிலும் அவர் பெயர் ஓரமாக இடம்பெற்றிருக்கிறது. பழைய இலத்தீன் திருப்பலி முறை அடியோடு மறைந்துவிடலாகாது என்று 1971ஆம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுலுக்கு அனுப்பப்பட்ட விண்ணப்பத்தில், கத்தோலிக்கர் அல்லாத அவரும் கையொப்பமிட்டிருந்தார். அதன்பின் இங்கிலாந்துக்கு வழங்கப்பட்ட சிறப்பு அனுமதியை இன்றும் அவர் பெயராலேயே பலர் குறிப்பிடுகின்றனர்.

அவர் படைத்த மிஸ் மார்ப்பிள், செயின்ட் மேரி மீட் என்னும் கற்பனைச் சிற்றூரில் வாழும் மணமாகாத மூதாட்டி. 1927இல் ஒரு சிறுகதையில் தோன்றிய அவர், 1930இல் வெளிவந்த 'தி மர்டர் அட் தி விகாரேஜ்' என்னும் நாவலில் முழு உருவம் பெற்றார். அதுவே என் கையில் இருந்த நூல். கதையைச் சொல்பவர் அவ்வூரின் ஆங்கிலிக்கன் சபைக் குரு. கொல்லப்படுபவர் கர்னல் புரோத்தரோ என்னும் செல்வர். கோயில் நிர்வாகியும் அவரே. கொலை நடக்கும் இடம் குருவின் வாசிப்பறை. இறந்தவர் கவிழ்ந்து கிடப்பது குருவின் எழுதும் மேசைமேல். ஒரு பங்குத்தந்தை இந்நூலை விருப்பு வெறுப்பற்று வாசிப்பது கடினம் என்பதை வாசகர் உணர்வர்.

முதலில், இக்கதைகளின் சார்பாகச் சொல்லத்தக்கதைச் சொல்லிவிட வேண்டும். இவை செழித்த காலம் முதல் உலகப்போருக்குப் பிந்திய காலம். அப்போரில் பிரிட்டன் மட்டும் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்திருந்தது. கல்லறை அறியாதவர்களும், பெயர் தெரியாமல் புதைக்கப்பட்டவர்களும் எண்ணற்றோர். அத்தகைய பேரழிவைக் கண்ட மக்களுக்கு, ஒரேயொரு மனிதரின் இறப்புக்காக ஓர் ஊரே நின்று, "இது எப்படி நடந்தது? யார் பொறுப்பு?" என்று இறுதிவரை கேட்கும் கதை ஆறுதலளித்திருக்கக் கூடும். ஓர் உயிரும் விளக்கமின்றி மறையலாகாது என்பது நாமும் ஏற்கும் உண்மையே.

இரண்டாவது, இக்கதைகள் சான்றின்றி எவரையும் குற்றவாளியாக்குவதில்லை. இதற்கு விதி வகுத்தவர்களுள் ஒருவர் நம் குருவானவர். மான்செஸ்டரின் ஆங்கிலிக்கன் ஆயருடைய மகனான ரோனால்ட் நாக்ஸ், 1917இல் கத்தோலிக்கராகி 1919இல் குருவானார். வுல்காத்தா என்னும் இலத்தீன் விவிலியம் முழுவதையும் தனியொருவராக ஆங்கிலத்தில் பெயர்த்த அறிஞர் அவர். அவரே ஆறு துப்பறியும் நாவல்களும் எழுதினார். 1929இல் துப்பறியும் கதைக்கெனப் பத்து விதிகளையும் நகைச்சுவை கலந்து வகுத்தார். துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயம் வாசகருக்கும் காட்டப்பட வேண்டும். தற்செயல் உதவியோ காரணம் சொல்ல முடியாத உள்ளுணர்வோ வழக்கைத் தீர்க்கலாகாது. இயற்கைக்கு அப்பாற்பட்ட ஆற்றல்களுக்கு அங்கே இடமில்லை. நாள்தோறும் பீடத்தில் மறைபொருளைக் கையாளும் குரு, கதையில் மட்டும் அதற்குத் தடை விதித்தது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அதன் உட்பொருள் ஆழமானது. ஒருவர்மீது குற்றம் சுமத்துவதாயின் காரணம் காட்டு, சான்று காட்டு, எல்லார் முன்னிலையிலும் காட்டு என்பதே அது.

இந்நெறி நமக்குப் புதியதன்று. தானியேல் நூலின் 13ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். சூசன்னாமீது இரு முதியவர்கள் பொய்க்குற்றம் சாட்டுகின்றனர். அவர்கள் மக்களுள் மதிப்புப் பெற்றவர்கள், நீதிபதிகள். ஆகவே கூட்டம் நம்பிவிடுகிறது. சாவுத் தீர்ப்பும் அளித்துவிடுகிறது. இளைஞனான தானியேல் எழுந்து, இப்பழியில் தனக்குப் பங்கில்லை என்று கூவி மறுவிசாரணை கோருகிறான். இருவரையும் தனித்தனியே பிரித்து, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று கேட்கிறான். ஒருவர் ஒரு மரத்தைச் சொல்கிறார், மற்றவர் வேறொரு மரத்தைச் சொல்கிறார். பொய் உடைகிறது. துப்பறியும் கதைகளின் மூதாதை என இதனைக் கருதி, டோரதி சேயர்ஸ் என்னும் எழுத்தாளர் 1928இல் தாம் வெளியிட்ட துப்பறியும் கதைத் தொகுப்பில் சேர்த்துக்கொண்டார். இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். தானியேல் விசாரிக்கத் தொடங்குவது மாசற்ற ஒருத்தியைக் கல்லெறியிலிருந்து விடுவிக்கவே. குற்றவாளிகள் அகப்படுவது அந்த விடுதலையின் விளைவாகத்தான்.

இவ்வளவும் இக்கதைகளின் சிறப்பு. அப்படியானால் என் உறுத்தல் எங்கிருந்து வந்தது? நாவலை மீண்டும் புரட்டியபோது இரண்டு இடங்களில் அது பிடிபட்டது.

முதலாவது, இறந்தவருக்காக அழ ஆளில்லை. கர்னல் புரோத்தரோவை அவ்வூரில் ஏறக்குறைய எவருக்கும் பிடிக்காது. இவ்வகைக் கதைகளில் பெரும்பாலும் இப்படித்தான்: கொல்லப்படுபவர் கஞ்சர், கொடியவர், வாய்த்துடுக்கானவர், அல்லது நாம் அறிமுகமே ஆகாத அந்நியர். இறந்தவரை நாம் நேசித்திருந்தால் புதிரைச் சுவைக்க இயலாதல்லவா? இந்நாவலின் தொடக்கத்தில் உணவு மேசையில் இறைச்சியை அரிந்துகொண்டே குரு ஒரு சொல் சொல்கிறார்: புரோத்தரோவை எவரேனும் கொன்றால் அது உலகுக்கே நன்மை என்னும் பொருள்பட. அவர் கெட்டவர் அல்லர். களைப்பிலும் எரிச்சலிலும் பேசியது. விரைவிலேயே, அவர் வாய்தவறிச் சொன்னதை வேறொருவர் கைதவறாமல் செய்து முடிக்கிறார்.

அந்தப் பக்கத்தில் நான் வெகுநேரம் நின்றேன். "அவர் போய்த் தொலைந்தால் பங்குக்கே நல்லது" என்று நாம் யாரைப் பற்றியும் எண்ணியதில்லையா? சகோதரர்மீது சினம் கொள்வதையும் அவரை இழித்துரைப்பதையும் ஆண்டவர் மலைப்பொழிவில் கொலையோடு ஒரே மூச்சில் வைத்துப் பேசுகிறார். அது மிகையென்று நாம் நினைத்திருக்கலாம். ஒரு சிற்றூரில் வாழ்ந்து பார்த்தவர்க்கு அது மிகையன்று. மேலும், முதல் கொலை நடந்தபோது கடவுள் காயினிடம் கேட்ட கேள்வி, சகோதரன் ஆபேல் எங்கே என்பது. யார் கொன்றது என்பதைக் கடவுள் அறிவார். அவர் தேடியது இறந்துபோன ஆபேலை. நம் கதைகளோ பிணத்தை இரண்டாம் அதிகாரத்திலேயே மறந்துவிடுகின்றன.

இரண்டாவது இடம் கதையின் முடிவு. குற்றவாளி யார் என்பதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. வாசிக்கப்போகும் அன்பரின் இன்பத்தைக் கெடுப்பது அறமன்று. எனினும் ஒன்றைச் சொல்லலாம். இத்தகைய கதையில் ஏறக்குறைய ஊரார் அனைவர்மீதும் ஐயம் விழுகிறது. ஒருவருடைய பழைய வாழ்வு தோண்டப்படுகிறது. ஒருத்தியின் கண்ணீர் நடிப்பென்று பேசப்படுகிறது. ஒருவர் அந்நேரத்தில் எங்கிருந்தார் என்று அண்டை வீட்டார் கணக்கிடுகின்றனர். இறுதியில் ஒரு விரல் ஒரு மனிதரை நோக்கி நீள்கிறது. அந்த நொடியிலேயே மற்றவர் அனைவரும் தூயவராகிவிடுகின்றனர். ஆனால் தவறாக ஐயுற்றவர் ஐயுறப்பட்டவரின் வீட்டுக் கதவைத் தட்டி, "என்னை மன்னித்துவிடுங்கள்" என்று சொல்லும் அதிகாரம் எந்தக் கதையிலும் எழுதப்படுவதில்லை.

ஆங்கிலக் கவிஞர் ஆடன் இக்கதைகளை விட்டு நீங்க முடியாதவர். 1948இல் அவர் எழுதிய கட்டுரையொன்றில், இவற்றை விரும்புவோர் இழந்த ஏதேனுக்குத் திரும்பும் கனவையே காண்கின்றனர் என்னும் கருத்தை முன்வைத்தார். அது உண்மையென்றே எண்ணுகிறேன். ஆனால் நம் மறையின்படி ஏதேனுக்குத் திரும்பும் வழி, யாரோ ஒருவரை வெளியேற்றுவதால் திறப்பதில்லை.

இதை நான் நூலில் கற்றதைவிட ஒரு மனிதரிடம் அதிகம் கற்றேன். குருவான புதிதில், 1990களின் பிற்பகுதியில், ஒரு சிற்றூர்ப் பங்கில் துணைப் பங்குத்தந்தையாக இருந்தேன். திருவிழா முடிந்து கணக்குப் பார்த்தபோது ஒரு தொகை குறைந்தது. பணம் வைத்திருந்த சக்கறீஸ்து அறையின் சாவி கோயில்பிள்ளையிடம் இருந்தது. அதுவே முதல் தடயமாயிற்று. அவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். அது இரண்டாம் தடயம். திருவிழா மறுநாள் அவர் நகரத்துக்குப் பேருந்து ஏறியதை ஒருவர் பார்த்திருந்தார், அது மூன்றாவது. ஒரே வாரத்தில் ஊரே துப்பறிவாளர் கூட்டமாகிவிட்டது. எவரும் அவரைத் திருடன் என்று சொல்லவில்லை. "நாம ஒண்ணும் சொல்லல, ஆனா..." என்று தொடங்கி, சொல்லாமலே சொல்லி முடித்தார்கள். பங்குப் பேரவையில் சாவியைத் திரும்ப வாங்கிவிடுவது நல்லது என்று பேச்சு வந்தது. நான் அங்கே இருந்தேன். வாய் திறக்கவில்லை. சாவியை வாங்கி வந்தவனும் நானே.

இரண்டு மாதம் கழிந்து உண்மை வெளிவந்தது. விழாக் குழுவினர் ஒருவர் பந்தல்காரருக்குக் கொடுத்த பணத்தைத் தம் கையேட்டில் எழுதியிருந்தார். கோயில் கணக்கில் ஏற்ற மறந்துவிட்டார். திருட்டே நடக்கவில்லை. எல்லாரும் மகிழ்ந்தோம். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிவில் அறிவிப்பும் செய்தோம்: "திருவிழாக் கணக்கு சரியாகிவிட்டது." நாங்கள் ஒரு மனிதரைத் தவறாக ஐயுற்றோம் என்று அறிவிக்கவில்லை. அது யாருக்கும் தோன்றவே இல்லை என்பதுதான் வியப்பு.

சில நாள் கழித்துச் சாவியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்தார். சாவியை நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை. "உங்ககிட்டயே இருக்கட்டும் சாமி. இனிமே அது எங்கிட்ட இருந்தா எனக்கே பயமா இருக்கும்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். என்னிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

எட்டாம் கட்டளையை விளக்குமிடத்தில், 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி இருவகைக் கடமைகளைச் சுட்டுகிறது. போதிய ஆதாரமின்றி அடுத்தவரின் குற்றத்தை உண்மையென்று உள்ளத்தில் ஏற்றுக்கொள்வதும் பாவமே என்கிறது 2477ஆம் பத்தி. நீதிக்கும் உண்மைக்கும் எதிரான குற்றம், மன்னிப்புப் பெற்ற பின்னும் ஈடுசெய்யப்பட வேண்டும் என்கிறது 2487ஆம் பத்தி. ஒருவர் பணத்தை எடுத்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதை நாம் அறிவோம். ஒருவர் நற்பெயரை எடுத்தாலும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதை அறியாதவர்போல் வாழ்கிறோம். அந்த ஞாயிறு எனக்கு ஒலிபெருக்கி இருந்தது, கேட்பதற்கு மக்கள் இருந்தார்கள், சொல்வதற்கு ஒரு வரி இருந்தது. நான் சொல்லவில்லை. இன்று இதை எழுதுவது அந்த ஈட்டின் ஒரு சிறு தவணை. அவர் இதை வாசிக்க இயலாத இடத்துக்குப் போய்விட்டார்.

துப்பறியும் கதைகளிலேயே இக்குறைக்கு ஒரு மாற்றும் இருக்கிறது. ஜி. கே. செஸ்டர்ட்டன் படைத்த அருள்தந்தை பிரவுன், குட்டையான, எளிய, குடையைத் தவறவிட்டுத் தேடுகிற கத்தோலிக்கக் குரு. முதல் தொகுப்பு 1911இல் வந்தது. யார்க்ஷியரில் பணியாற்றிய அருள்தந்தை ஜான் ஓ'கானரே அவருக்கு முன்மாதிரி. தீமையைப் பற்றி இக்குருவுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று வியந்துபோன செஸ்டர்ட்டன் அப்பாத்திரத்தைப் படைத்தார்; பின்னர் 1922இல் அவர் கத்தோலிக்கரானபோது ஏற்றுக்கொண்டவரும் ஓ'கானரே. 1927இல் வந்த தொகுப்பில் தந்தை பிரவுன் தம் முறையை வெளியிடுகிறார். கொலைகளையெல்லாம் செய்தது தாமே என்கிறார். அதாவது, கொலையாளியின் நெஞ்சுக்குள் புகுந்து, அவனுடைய சினமும் ஆசையும் தமக்குள்ளும் இருப்பதைக் காணும்வரை அவர் ஓய்வதில்லை. ஆகவேதான் அவர் குற்றவாளியைக் கண்டுபிடித்ததும் வெற்றி முழக்கம் செய்வதில்லை. அவனை மனந்திருப்பவே முயல்கிறார். அவர் துரத்திய திருடன் ஃபிளாம்போ பின்னாளில் அவருடைய நண்பனாகிறான்.

தவக்காலத்து ஐந்தாம் வாரத் திங்களன்று திருச்சபை நமக்குச் சூசன்னாவின் வரலாற்றை வாசிக்கத் தருகிறது. மூன்றில் இரண்டு ஆண்டுகளில் அன்றைய நற்செய்தி, விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைப் பற்றியது. ஒருத்தி மாசற்றவள், மற்றவள் தவறியவள். இருவரையும் சூழ்ந்து கல்லோடு ஒரு கூட்டம். தானியேல் சான்றுகளை ஆராய்ந்து மாசற்றவளை விடுவித்தார். ஆண்டவரோ, குற்றம் சாட்டியவர்களைத் தங்கள் நெஞ்சுக்குள் நோக்கச் செய்து, தவறியவளை விடுவித்தார். இரண்டு விசாரணைகளும் நமக்குத் தேவை. சிற்றூர்க் கொலைக் கதைகள் முதல் விசாரணையோடு நின்றுவிடுகின்றன. அவற்றை வாசிக்கலாமா என்றால், வாசிக்கலாம் என்பதே என் விடை. இரண்டாவதை நாமே தொடர்ந்து நடத்துவோமானால். இறுதி இரவுணவில், தம்மைக் காட்டிக்கொடுப்பவன் உங்களுள் ஒருவன் என்று ஆண்டவர் சொன்னபோது சீடர்கள் ஒருவரையொருவர் விரல் சுட்டவில்லை என்று மத்தேயு எழுதுகிறார். நானோ ஆண்டவரே என்று ஒவ்வொருவரும் தம்மைப் பற்றியே கேட்டனர். குற்றவாளி ஒருவனே என்று தெரிந்த பின்னும் பன்னிருவரும் கேட்ட வினா அது.

மறுவாரம் அந்த ஆசிரியர் மீண்டும் வந்தார். "யார் சாமி கொலை பண்ணினது?" என்று ஆவலாய்க் கேட்டார். சொல்லவில்லை. நூலையே அவர் கையில் கொடுத்தேன். "வாசிச்சு முடிச்சதும் ஒரு வேலை செய்யுங்க சார். அந்த ஊர்ல யார் யார் யார்கிட்ட மன்னிப்புக் கேட்கணும்னு ஒரு பட்டியல் எழுதிட்டு வாங்க" என்றேன்.

பத்து நாளில் நூல் திரும்பி வந்தது. உள்ளே மடித்த தாள் ஒன்று இருந்தது. ஒரு பக்கத்தில் ஆங்கிலப் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. மறுபக்கத்தில், நம் ஊர்ப் பெயர்கள் இரண்டு. அவற்றைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.